இடமாற்ற உத்தரவுகளின் காடு

தெருவோரம் நிறுத்தியிருந்த ஒரு காரின் முகப்புக் கேமராவில் எதிர்வீட்டு ஜன்னல் பதிவாகியிருக்கிறது. ஜன்னலுக்குள் ஓர் ஆள் நிற்பது சில நொடிகள் தெரிகிறது. அந்த வீட்டுக்காரன் கொலையுண்டு கிடக்கிறான். கேபிள் பழுதுபார்க்க வந்தவன், தான் உள்ளே நுழைந்தபோதே அவன் செத்துக்கிடந்தான் என்று கதறுகிறான். கேமராவோ வேறு சொல்கிறது: அவன் வருவதற்குச் சற்று முன்னால்கூட வீட்டுக்காரன் உயிரோடு ஜன்னலருகே நின்றிருக்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நீதிமன்றம் தண்டிக்கிறது. தான் நிரபராதி என்று எழுதிவைத்துவிட்டு அந்தக் கேபிள்காரன் சிறையிலேயே உயிரை விடுகிறான். ஜன்னலில் நின்றது வீட்டுக்காரன்தான் என்று யார் சொன்னது என்ற கேள்வி அதன்பிறகே எழுகிறது.

தென்கொரியாவின் டிவிஎன் சேனலில் 2017 ஜூன் 10 முதல் ஜூலை 30 வரை 16 பகுதிகளாக வந்த ‘ரகசியக் காடு’ இப்படித்தான் கதைக்குள் நம்மை இழுத்துப் போடுகிறது. நெட்ஃப்ளிக்ஸில் ‘ஸ்ட்ரேஞ்சர்’ என்று தேடினால் கிடைப்பது இதுதான். எழுதியவர் லீ சூயோன். இது அவருடைய முதல் தொடர். இயக்கியவர் ஆன் கில்ஹோ. பின்னாளில் ‘தி குளோரி’ மூலம் உலகமெங்கும் பெயர் வாங்கியவர். 2018-இல் பெக்சாங் விருதுகளில் சிறந்த நடிகர், சிறந்த திரைக்கதை இரண்டையும் இந்தத் தொடர் தட்டிச் சென்றது. நியூயார்க் டைம்ஸ் 2017-இன் சிறந்த சர்வதேசத் தொடர்கள் பட்டியலில் இதையும் சேர்த்தது. கொரிய அரசியல் த்ரில்லர் என்றால் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்பவருக்குத் தயங்காமல் இதைச் சொல்லலாம். அதே சமயம், இதன் கடைசி இரண்டு பகுதிகளோடு சண்டை போடாமலும் இருக்க முடியாது. கொலையாளி யார் என்று தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் தொடரை முடித்துவிட்டு வருவது நல்லது. முடிவைத் தொடாமல் இதன் குறையைப் பேச வழியில்லை.

கொலையுண்ட பார்க் மூசுங் நொடித்துப்போன தொழிலதிபர். நல்ல நாளில் அவனுடைய உண்மையான தொழில் உபசரிப்பு. பிராசிக்யூட்டர்களுக்கு விருந்து வைப்பான், உறை கொடுப்பான், பெண்களை அனுப்புவான். தனக்குத் தெரிந்ததைக் கொட்டிவிடப் போகிறான் என்ற நிலையில் கழுத்தில் கத்தி இறங்குகிறது. பிணத்தைக் கண்டுபிடிக்கிறவன் சோல் மேற்கு மாவட்ட அலுவலகத்தின் பிராசிக்யூட்டர் ஹ்வாங் சிமோக். அங்கே வந்து சேரும் போலீஸ்காரி யோங்சான் காவல் நிலையக் வன்குற்றப் பிரிவின் ஹான் யோஜின். பதினாறு பகுதிகளும் இந்த இருவரின் கூட்டு விசாரணைதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கொரியாவின் பிராசிக்யூட்டரை, கோர்ட்டில் அரசுத் தரப்பில் வாதாடிவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கறிஞர் என்று எண்ணிவிடக் கூடாது. தொடர் வெளியான காலத்தில் அவரே விசாரணை நடத்த முடிந்தது. போலீஸ் நடத்தும் விசாரணைக்கு உத்தரவிடவும் முடிந்தது. கைது வாரண்டோ சோதனை வாரண்டோ கேட்டு நீதிபதியிடம் போகும் உரிமையை அந்நாட்டு அரசியல் சாசனம் அவரிடமே கொடுத்திருக்கிறது. ஒருவர்மேல் வழக்குத் தொடுப்பதா, கோப்பை மூடிவிடுவதா என்பதும் அவர் கையில் இருந்தது. அன்று இத்தனை அதிகாரமும் ஒரே அலுவலகத்தில் குவிந்திருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு விருந்துக்குப் போய்விட்டார் என்றால் அது தனிமனித ஒழுக்கப் பிரச்சினையோடு நிற்காது. அதற்குப் பிறகு நாட்டில் எந்த வழக்கு நடக்கும், எது நடக்காது என்பதே அந்த மேஜையில் முடிவாகிறது.

லீ சூயோன் இதை வெறுங்கற்பனையில் பின்னவில்லை. 2010-இல் எம்பிசி தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்று, ஒரு கட்டுமானத் தொழிலதிபர் ஆண்டுக்கணக்கில் பிராசிக்யூட்டர்களை உபசரித்துவந்ததை வெளியே கொண்டுவந்தது. அதிலிருந்து ‘ஸ்பான்சர் பிராசிக்யூட்டர்’ என்ற பேச்சே கொரியாவில் புழக்கத்துக்கு வந்தது. 2016-இல் பதவியிலிருந்த உயர்நிலைப் பிராசிக்யூட்டர் ஒருவரே லஞ்சக் குற்றச்சாட்டில் கைதானார். அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் குவாங்வாமுன் பகுதியில் அதிபருக்கு எதிராக மெழுகுவர்த்தியோடு மக்கள் கூடத் தொடங்கினார்கள். சனிக்கிழமைதோறும் கூட்டம் பெருகியது. 2017 மார்ச் 10-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதிபர் பார்க் குன்ஹேயைப் பதவியிலிருந்து நீக்கியது. மே மாதம் வந்த புதிய அதிபர் மூன் ஜேஇன், பிராசிக்யூட்டர் அலுவலகத்தைச் சீர்திருத்துவேன் என்று வாக்களித்திருந்தார். அடுத்த மாதமே இந்தத் தொடர் வருகிறது. நாட்டில் எல்லோர் நாவிலும் இருந்த விவகாரத்தை ஒரு கொலைவழக்குக்குள் வைத்துக் காட்டியது.

வைத்துக் காட்டிய விதம்தான் இதன் பெருமை. அரசியல் த்ரில்லர் என்றால் நாடாளுமன்றத்தில் குண்டு வெடிக்க வேண்டும், அதிபர் மாளிகைக்குள் விஷம் வைக்க வேண்டும் என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். ‘ரகசியக் காடு’ அதிகாரத்தை அலுவலகத்தின் அன்றாடத்தில் பிடித்துக் காட்டுகிறது. யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல் வந்தது, மதியச் சாப்பாட்டு மேஜையில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், மேலதிகாரி அறையிலிருந்து வெளியே வருகிறவன் கோட்டுப் பொத்தானை எப்போது போடுகிறான் என்பனவெல்லாம் இதில் கதைச் சம்பவங்கள். சிமோக்கை அடக்க நினைக்கிறவர்கள் ஆள் வைத்து அடிப்பதில்லை. பதவி உயர்வு தருவதாக நூல்விட்டுப் பார்க்கிறார்கள். மசியவில்லை என்றால் தூர ஊருக்குத் தூக்கியடிக்கிறார்கள். கொரியாவில் பிராசிக்யூட்டர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்மாற்றுவது நடைமுறை. அந்த நடைமுறைக்குள்ளேயே பரிசும் தண்டனையும் ஒளிந்திருக்கின்றன. முதல் பருவத்தின் முடிவில், வழக்கை வென்ற சிமோக்குக்குக் கிடைப்பது தென்கடலோரத்தில் இருக்கும் நம்ஹே. இரண்டாம் பருவம் தொடங்கும்போது அவன் தோங்யோங் என்ற துறைமுக ஊரில் இருக்கிறான். அந்தப் பருவம் முடியும்போது வோன்ஜு. அவன் போன ஊர்களைக் கொரிய வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தாலே, நேர்மைக்கு அந்த அலுவலகம் எந்த மதிப்பை வைத்திருக்கிறது என்பது விளங்கிவிடும்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்தத் தொடரின் பயம் உடனே பிடிபடும்.

சோ தோங்ஜேயைப் பாருங்கள். சிமோக்குக்கு மூத்த பிராசிக்யூட்டர்; லீ ஜுன்ஹ்யோக் நடித்தது. பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிடும் இடத்தில், வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவன். அதனால் எவர் காலைப் பிடித்தாவது மேலே ஏறிவிடத் துடிக்கிறான். மேலதிகாரி முன்னால் அவன் முதுகு வளைகிற அளவும், அவர் திரும்பிக்கொண்டதும் அவன் முகத்திலிருந்து சிரிப்பு கழன்று விழுகிற வேகமும் பார்க்கப் பார்க்க அலுக்காதவை. சாட்சியத்தை மறைக்கிறான், பொய் சொல்கிறான், அடுத்தவன் தலையில் பழியைப் போடப் பார்க்கிறான். ஆனாலும் அவன் அகப்பட்டுக்கொள்ளும்போது நமக்கு மனசு ஆறுவதில்லை. வில்லனாக எழுதினால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். லீ சூயோன் அவனைப் பயந்தாங்கொள்ளியாக எழுதினார். ஊழல் பெரும்பாலும் துணிச்சல்காரர்களால் நடப்பதில்லை; தன் நாற்காலியை இழக்க அஞ்சுகிறவர்களால் நடக்கிறது என்பதை அவன் ஒருவனே காட்டிவிடுகிறான்.

சிமோக்காக நடித்த சோ சுங்வூவின் வேலை இதற்கு நேரெதிர். கதைப்படி, சிமோக்குக்குச் சிறுவயதில் சில ஓசைகளைத் தாங்க முடியாத உபாதை. அதற்காக மூளையில் அறுவைசிகிச்சை நடந்தது. அதிலிருந்து உணர்ச்சிகள் மங்கிப்போயின. ஆக, கோபம், அழுகை, கண்ணீர் என்று நடிகர்கள் கைவைக்கும் கருவிகள் எதுவுமே அவருக்குக் கிடையாது. சோ சுங்வூ மேடை இசைநாடகங்களில் ‘ஜெகில் அண்ட் ஹைட்’ போன்ற உச்சஸ்தாயி வேடங்களில் கொடிகட்டியவர். ‘இன்சைட் மென்’ (2015) படத்தில் கொதித்துக் குமுறும் பிராசிக்யூட்டராகவும் வந்தவர். அதே மனிதர் இங்கே எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டுக் கண்ணையும் கழுத்தையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். எதிரே இருப்பவர் பொய் சொல்லும்போது தலை ஓர் அங்குலம் சாயும். புரியாதபோது இமை ஒருமுறை கூடுதலாகக் கொட்டும். கொலை நடந்த வீட்டில் நின்று, நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும் காட்சிகளில் கொலையாளியின் இடத்தில் அவனே நிற்பான். கத்தியும் அவன் கையில்தான் இருக்கும். அப்போதும் முகம் மாறாது. பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைப் புரட்டும்.

இந்த மௌனத்தின் பக்கத்தில் பே டூனாவை நிறுத்தியதில்தான் தொடரின் உயிர் இருக்கிறது. பாங் ஜூன்ஹோவின் ‘தி ஹோஸ்ட்’, வாச்சோவ்ஸ்கிகளின் ‘கிளவுட் அட்லஸ்’ என்று உலகைச் சுற்றியவர், இங்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடி அறையில் குடியிருக்கும் சாதாரணப் போலீஸ்காரி. யோஜின் கைக்குக் கிடைத்த தாளில் கிறுக்கிக்கொண்டே இருப்பாள். சிமோக்கின் மூளையைக் கார்ட்டூனாக வரைந்து அவனுக்கே விளக்குவாள். கொலையுண்டவனின் வயதான தாய் போக்கிடமில்லாமல் நிற்கும்போது, தன் ஒற்றை அறைக்கே கூட்டிவந்து வைத்துக்கொள்கிறாள். விசாரணைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கதையும் இதனால் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால், ஒரு கொலையில் செத்தவன் மட்டும் பாதிக்கப்படுவதில்லை என்பதைப் பக்கம் பக்கமாக வசனம் பேசாமல் சொல்லிவிடுகிறார்கள்.

யோஜினின் பாத்திரம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். பார்க் மூசுங்கின் மகன்மேல் சந்தேகம் விழுகிறது. அவளுடைய சக போலீஸ்காரர்கள் அவனைத் தூங்கவிடாமல் அடித்து வாக்குமூலம் வாங்கப் பார்க்கிறார்கள். யோஜின் அதைக் கண்டுகொள்கிறாள். நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒருவன் பிள்ளைகுட்டிக்காரன். அவர்களைக் காட்டிக்கொடுத்தால் வேலை போகும். அவள் காட்டிக்கொடுக்கிறாள். அதற்காக அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் எதுவும் வருவதில்லை. நிலையத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லை. சிமோக் நேர்மையாக இருப்பதற்கு அவனுடைய அறுவைசிகிச்சை காரணம் என்றால், எல்லா உணர்ச்சியும் முழுதாக இருக்கிற இந்தப் பெண் ஏன் நேர்மையாக இருக்கிறாள்? நேர்மைக்கு மூளையை அறுக்கத் தேவையில்லை என்று சிமோக்கின் கதைக்கு யோஜினின் கதை பதில் சொல்கிறது. காதல் காட்சி ஒன்றுகூட இல்லாமல் ஓர் ஆணையும் பெண்ணையும் பதினாறு பகுதிகள் சேர்ந்து வேலை செய்யவைத்ததற்காகவும் இந்தத் தொடருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. சிமோக் உணவகத்தில் உட்காருவான், சூப் ஆவி பறக்க வந்து நிற்கும், கரண்டி வாய்க்குப் போகும் நேரத்தில் தொலைபேசி அடிக்கும். இப்படி எத்தனை முறை! அவனுக்கு ஒருவேளைச் சோறாவது நிம்மதியாகப் போடுங்கள் என்று கொரிய ரசிகர்களே கெஞ்சும் அளவுக்கு அது பிரபலம். அதனால்தான் யோஜினின் மொட்டைமாடியில் விசாரணைக் குழு முழுவதும் கூடிச் சாப்பிடும் காட்சி அவ்வளவு இதமாக இருக்கிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது அதே காட்சி தொண்டையை அடைக்கிறது. அந்தக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருக்கும், குழுவில் ஒருவனான யுன் சேவோன்தான் கொலைகாரன்.

யுன் சேவோனின் மகன், மழலையர் பள்ளிப் பிள்ளைகள் போன பேருந்து விபத்தில் இறந்தவன். ஓடத் தகுதியில்லாத பேருந்தை, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஓடவிட்டிருந்தார்கள். அந்த லாபச் சங்கிலியில் பார்க் மூசுங்கும் ஒரு கண்ணி. 2014 ஏப்ரல் 16-இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்த நாட்டில், பிள்ளைகள் ஏறிய பழைய வாகனம் என்ற ஒன்றைச் சொன்னாலே போதும். எந்தக் காயத்தைத் தொடுகிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். கப்பலின் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காமல் அந்தத் துக்கத்தைக் கதையின் அடியில் வைத்தது பெரிய எழுத்துத் திறமை. யுன் சேவோனாக நடித்த லீ க்யூஹ்யுங்கின் தணிந்த குரலும் எப்போதும் சற்றுக் களைத்த முகமும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தின.

தொடர் கால் இடறுவது இதற்குப் பிறகுதான்.

யுன் சேவோனை ஏவியவன் லீ சாங்ஜுன். யூ ஜேம்யுங் நடித்த பாத்திரம். அலுவலகத்தின் துணைத் தலைவராக அறிமுகமாகி, தலைவராகி, அதிபரின் நீல மாளிகையில் மூத்த செயலராகவும் ஆகிறவன். ஹன்ஜோ என்ற பெருநிறுவனத்தின் தலைவருக்கு மருமகன். பதினான்கு பகுதிகள்வரை இவன் எந்தப் பக்கம் என்று கணிக்கவே முடியாது. யூ ஜேம்யுங் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தால், அதில் குற்றவுணர்வும் இருக்கலாம், அடுத்த காய் நகர்த்தலும் இருக்கலாம். கடைசியில் தெரியவருவது இது: தன் மாமனாரையும் அவரைச் சுற்றியுள்ள கூட்டத்தையும் ஒட்டுமொத்தமாக வீழ்த்தத் தானே ஊழலின் மையத்துக்குள் போய் ஆவணங்களைச் சேர்த்திருக்கிறான், ஒரு கொலையை நடத்தி, அதன் நூலைப் பிடித்துக்கொண்டு சிமோக் தன்னிடமே வந்து சேரும்படி வழியமைத்திருக்கிறான். கட்டி முடியாத கட்டடத்தின் உச்சியிலிருந்து சிமோக்கின் கண்முன்னால் கீழே விழுந்து சாகிறான். ஆவணங்கள் வெளியே வருகின்றன. மாமனார் கைதாகிறார்.

காட்சியாக எடுத்துக்கொண்டால் அது மறக்க முடியாதது. சிமெண்ட் தூண்களுக்கு நடுவே காற்று, விளிம்பில் நிற்கும் மனிதன், பதறி ஓடிவரும் தோங்ஜே. விழுந்து கிடக்கும்போதும் தோங்ஜேயிடம், என் வழியில் வராதே என்றுதான் சொல்கிறான். ஆனால் கதையாக யோசித்தால் கேள்விகள் குவிகின்றன. பதினான்கு பகுதிகள் நமக்குச் சொன்னது என்ன? அதிகாரம் ஒரு மனிதனுக்குள் இல்லை, மாற்றல் உத்தரவிலும் மதிய விருந்திலும் மௌனத்திலும் பரவிக் கிடக்கிறது என்பதுதானே. அப்படியிருக்க, ஒரே ஒரு மேதை தனியாகத் திட்டமிட்டு, தன் உயிரைக் கொடுத்து, ஒரு பை நிறையக் காகிதத்தால் அதைச் சாய்த்துவிடுகிறான் என்றால், தொடர் தன் சொந்தக் கண்டுபிடிப்பையே கைவிடுகிறது. எல்லாம் அவன் கணக்குப்படியே நடந்ததாக ஆனபோது, சிமோக்கும் யோஜினும் வியர்வை சிந்திக் கண்டுபிடித்தவையும் அவன் விட்டுவைத்த தடயங்களாகச் சுருங்கிப்போகின்றன.

அதைவிட உறுத்துவது கிம் கயோங். பெரிய மனிதர்களுக்கு அனுப்பிவைக்கப்பட்ட இளம்பெண். கத்திக்குத்தோடு குளியல்தொட்டியில் கட்டிப்போடப்பட்டுக் கண்டெடுக்கப்படுகிறாள். இந்த ஊழலின் விலையை உடம்பால் கொடுத்தவள் அவள்தான். பெரும்பாலான நேரம் அவளை மருத்துவமனைக் கட்டிலில் கண்மூடிக் கிடக்கும் துப்பாகவே பார்க்கிறோம். அவளுக்கென்று ஒரு மனசு, ஓர் ஊர், ஒரு கோபம் இருந்திருக்குமே என்று எழுத்தாளர் நின்று பார்க்கவில்லை. லீ சாங்ஜுனுக்கு நீண்ட கடிதமும், உயரமான கட்டடமும், சோக இசையும் கிடைக்கின்றன. அவன் ஏவிவிட்ட கத்தி பாய்ந்தவளுக்கு ஒரு முழுக் காட்சி கிடைக்கவில்லை. அவனைத் தியாகியாக்க சிமோக் மறுக்கிறான். திரைக்கதையில் அந்த எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இயக்குநரின் கேமராவும் பின்னணி இசையும் வேறு பக்கம் சாய்ந்துவிட்டன. பார்த்தவர்கள் பலருக்கு நினைவில் தங்கியதும் அந்தச் சாய்வுதான்.

இளம் பிராசிக்யூட்டர் யங் உன்சுவுக்கும் ஏறக்குறைய இதே கதி. முன்னாள் சட்ட அமைச்சரின் மகள். தந்தைமேல் பொய்யாக லஞ்சப் பழி சுமத்தியவர்களைப் பழிவாங்க வந்தவள். ஷின் ஹேசுன் அவளுக்குள் ஓர் அவசரத்தையும் ஆற்றாமையையும் வைத்து நடித்தார். தவறான ஆளைத் தண்டிக்க வாதாடியவளும் அவள்தான் என்பதால், அவளிடம் தோண்டியெடுக்க நிறைய இருந்தது. எழுத்தாளர் அவளைச் சந்தேகப்பட வைத்தார், பிறகு கொன்றார். அந்தச் சாவு சிமோக்கை உலுக்குவதற்காகவே நிகழ்கிறது. அவன் உலுக்கப்படும் காட்சி அருமையாக வந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

நடுப்பகுதியின் தொய்வையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் பகுதியிலிருந்து ஒன்பது, பத்துவரை எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள். ஒவ்வொருவரும் அறையை விட்டுப் போகும்போது கேமரா அவர் முகத்தில் தேவைக்கு மேல் மூன்று நொடி தங்கும். முதல் சில தடவை அது பதைபதைப்பைத் தருகிறது. அப்புறம் எழுத்தாளர் வேண்டுமென்றே பார்வையைத் திருப்புகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. சிமோக்கின் உபாதையும் அப்படித்தான். காதுக்குள் கூர்மையான ஒலி எழுந்து அவன் சுருண்டு விழுவது, கதைக்கு ஓர் இடைவேளை வேண்டியபோதெல்லாம் வருகிறது. வேண்டாதபோது வாரக்கணக்கில் காணாமல் போகிறது. மருத்துவ விளக்கத்தை ஊன்றிப் பார்த்தால் அது நிற்காது. சோ சுங்வூ போன்ற நடிகர் இருக்கும்போது அந்த ஊன்றுகோலே தேவைப்பட்டிருக்காது. கூச்சமும் பிடிவாதமும் உள்ள ஒரு மனிதன் என்றே விட்டிருக்கலாம்.

இன்னொரு குறை உடனே கண்ணில் படாது. யோசிக்க யோசிக்கப் பெரிதாகும். இந்தக் காட்டில் மக்கள் இல்லை. ஓர் அதிபரையே இறக்கிய மெழுகுவர்த்திக் கூட்டங்கள் முடிந்து மூன்றே மாதத்தில் வந்த தொடர் இது. ஆனால் இதில் குடிமக்கள் தொலைக்காட்சியில் செய்தி பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பத்திரிகை என்பது ஒரு தரப்பு இன்னொரு தரப்புமேல் ரகசியத்தை எறிய உதவும் கருவி. ஊழலை உருவாக்குவதும் உள்ளிருப்பவர்கள், ஒழிப்பதும் உள்ளிருப்பவர்கள். கடைசிப் பகுதியில் சிமோக் தொலைக்காட்சியில் அமர்ந்து, பிராசிக்யூட்டர் அலுவலகம் தவறிவிட்டது, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்கிறான். சோ சுங்வூ அதைத் துளி நாடகமும் இல்லாமல் சொல்கிறார், நம்பத் தோன்றுகிறது. வாய்ப்புக் கொடுக்க வேண்டியவர்கள் மட்டும் திரைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

இரண்டாம் பருவம் 2020 ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 4 வரை வந்தது. இயக்குநர் மாறி, பார்க் ஹ்யுன்சுக் பொறுப்பேற்றார். எழுத்தாளர் லீ சூயோனேதான். அந்த ஆண்டு ஜனவரியில்தான் பிராசிக்யூட்டர்களுக்கும் போலீஸுக்கும் இடையே விசாரணை அதிகாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் சட்டத் திருத்தம் கொரிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. நடைமுறைக்கு வந்தது 2021 ஜனவரி 1. சட்டம் வந்துவிட்டது, அமலாகவில்லை என்ற அந்த இடைவெளியில், இரு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வாதாடும் கதையை எழுதுவதற்குத் தைரியம் வேண்டும். சிமோக் ஒரு பக்கம், யோஜின் மறுபக்கம். நண்பர்கள் எதிரெதிர் நாற்காலியில்.

இந்தப் பருவத்தைப் பார்க்கப் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான். முதல் நாலு பகுதிகள் கூட்ட அறையிலேயே கழிகின்றன. வாரண்ட் கேட்கும் உரிமை, வழக்கை முடித்துவைக்கும் உரிமை என்று சட்டப்பிரிவுகள் சரமாரியாக வருகின்றன. கொரியர்களுக்கே மூச்சு முட்டியிருக்கும். சப்டைட்டிலில் படிப்பவர் பாடு சொல்லத் தேவையில்லை. ஆனால் தொடங்கும் விதம் முதல் பருவத்தைவிடப் பிடிமானமானது. தோங்யோங் கடற்கரையில் மூடுபனி. அலைக்குப் பக்கத்தில் போகாமல் தடுக்கக் கட்டியிருந்த கயிறு அறுந்து கிடக்கிறது. இரண்டு மாணவர்கள் மூழ்கிச் சாகிறார்கள். புகைப்படம் எடுக்க வந்த ஒரு ஜோடி கயிற்றை அகற்றியது, அவர்கள் சமூக ஊடகத்தில் போட்ட படத்திலிருந்தே யோஜின் கண்ணில் படுகிறது. வழக்கு எழுகிறது, எழுந்த வேகத்தில் மூடப்படுகிறது. அந்த ஜோடிக்காக வந்த வழக்கறிஞர் நேற்றுவரை நீதிபதியாக இருந்தவர். அப்படி ஓய்வுபெற்று வருகிறவருக்கு அவருடைய பழைய உலகம் காட்டும் சலுகை கொரிய நீதித்துறையின் தீராத நோய். தொடர் அதை ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் காட்டிவிடுகிறது. இங்கே மறுபடியும் எழுத்தாளர் தன் சொந்த மண்ணில் நிற்கிறார்.

ஜோன் ஹேஜின் நடித்த சோய் பிட் இந்தப் பருவத்தின் பொக்கிஷம். போலீஸ் தலைமையகத்தில் உளவுப் பிரிவின் தலைவி. யோஜின் மனதார மதிக்கும் மேலதிகாரி. ஆண்கள் நிறைந்த அந்த மாடிக்கு ஏறிவர அவள் எதையெல்லாம் விழுங்கியிருக்கிறாள் என்பது சிறிது சிறிதாகத் தெரிகிறது. முன்னொரு இரவில் ஒரு சாவை மறைக்க உடன்பட்டிருக்கிறாள். அந்த இரவிலிருந்துதான் அவளுடைய பதவிப் படிகள் தொடங்கியிருக்கின்றன. யோஜின் உண்மையை அவள் முகத்துக்கு நேரே வைக்கும்போது இருவரும் கத்துவதில்லை. மேலதிகாரியை இழக்கிறோம் என்ற வலியைப் பே டூனா உதட்டை அழுத்திக்கொண்டு தாங்குகிறார். சோய் பிட் பதவி விலகுகிறாள். மறுநாள் தலைமையகத்தில் யோஜினைப் பார்த்ததும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். யாரும் கட்டடத்திலிருந்து குதிக்கவில்லை. எவரும் பெரிய கடிதம் எழுதவில்லை. ஒருத்தி வேலையை விடுகிறாள், இன்னொருத்தி தனியாக அதே வேலைக்கு மறுநாளும் வருகிறாள். முதல் பருவத்தின் முடிவைவிட இந்த முடிவுதான் எழுத்தில் தேர்ந்தது என்று சொல்ல வேண்டும். வேகத்திலும் மர்மத்திலும் முதல் பருவத்துக்கு இது கீழேதான். தோங்ஜே கடத்தப்படும் இழை பத்துப் பகுதிகளாக நம்மைப் பதறவைத்துவிட்டு, ஓர் இளைஞனின் தனிப்பட்ட வன்மத்தில் போய் முடிகிறது. அரசியலோடு அது ஒட்டவே இல்லை.

இதே வகையில் வந்த மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால் இந்தத் தொடரின் இடம் இன்னும் தெளிவாகிறது. 2019-இல் வந்த ‘டெசிக்னேட்டட் சர்வைவர்: 60 டேஸ்’ நாடாளுமன்றக் கட்டடத்தையே வெடிக்கவைத்து, சுற்றுச்சூழல் அமைச்சரைத் தற்காலிக அதிபராக்கியது. அமெரிக்கக் கதையைக் கொரிய அரசியல் சாசனத்தின் 60 நாள் விதிக்குள் அழகாக மாற்றிய படைப்பு. ஆனால் நல்ல மனிதர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்ற நம்பிக்கை அதற்கு அதிகம். 2024-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘தி வேர்ல்விண்ட்’ சோல் க்யுங்குவையும் கிம் ஹீஏவையும் மோதவிட்டு, பகுதிக்கு நாலு திருப்பம் கொடுத்தது. பார்க்கும்போது நாற்காலி நுனியில் உட்காரவைக்கும், எந்த அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று மறுநாள் யோசித்தால் எதுவும் கையில் நிற்காது. ‘ரகசியக் காடு’ தரும் விஷயம் அந்த இயக்கம்தான்.

அந்த இயக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை நிஜக் கொரியாவும் காட்டிக்கொண்டே இருக்கிறது. பிராசிக்யூட்டர்களின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய யுன் சுக்யோல் 2022-இல் அதிபரானார்; 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் அறிவித்தார்; 2025 ஏப்ரல் 4-இல் பதவி நீக்கப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், பிராசிக்யூட்டர் அலுவலகத்தைக் கலைத்து விசாரணையையும் வழக்குத் தொடுப்பதையும் தனித்தனியே பிரிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சிமோக் வாய்ப்புக் கேட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தோங்ஜே மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறான். 2024 அக்டோபரில் டிவிங் தளத்தில் அவனை நாயகனாக வைத்துப் பத்துப் பகுதிகளில் ஒரு கிளைத் தொடர் வந்தது. லீ சூயோன் உருவாக்கிய பாத்திரத்தை இம்முறை வேறு கைகள் எழுதின. பழைய ஊழல்கறை அவனைத் துரத்துகிறது, பதவி உயர்வு நழுவிக்கொண்டே போகிறது, அவன் அசடு வழியச் சிரித்துக்கொண்டு ஒரு வழக்கைப் பிடித்துக்கொள்கிறான். மூலத் தொடரின் ஆழம் இதில் இல்லை. ஆனால் லீ சாங்ஜுனின் பெருந்தியாகத்தைவிட, சின்னச் சின்னச் சபலங்களோடு தினமும் அலுவலகம் போகும் இந்த மனிதனைச் சுற்றித்தான் அடுத்த கதை எழ முடிந்தது என்பது தற்செயலாகத் தெரியவில்லை. முதல் பருவத்தைப் பார்த்து முடித்தவர்கள் நேரே இதற்குத் தாவாமல், இரண்டாம் பருவத்தின் அந்த நாலு கூட்ட அறைப் பகுதிகளைப் பொறுத்துக்கொண்டு கடந்துவர வேண்டும். தோங்ஜே ஏன் அப்படிப் பயப்படுகிறான் என்பதற்கான காரணம் அந்தப் பருவத்தில்தான் இருக்கிறது.